பாயிண்ட்ஸை விடுங்கள், ஃப்ரீ த்ரோவைப் பாருங்கள்

கேள்வி: அமெரிக்கக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் டிராஃப்டில் வரும் 19, 20 வயதுப் பையன்களில் யார் பெரிய ஆளாக வருவார் என்று எதை வைத்துச் சொல்வது? காலேஜில் அடித்த பாயிண்ட்ஸ் சராசரியைப் பார்த்தால் போதாதா?

போதாது. நான் பந்தயத்தில் தோற்றுக் கற்றுக்கொண்ட பாடம் இது.

2017 ஜூன் 23, விடியற்காலை நாலரை மணி. அமெரிக்காவில் அப்போது 22-ம் தேதி மாலை. நானும் என் கல்லூரி நண்பனும் அவரவர் வீட்டில் உட்கார்ந்து, வாட்ஸப்பில் சண்டை போட்டுக்கொண்டே டிராஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தோம். டிராஃப்ட் தெரியாதவர்களுக்கு ஒரு வரி: முந்தைய சீசனில் பிளேஆஃபுக்கு (கோப்பைக்கான கடைசிச் சுற்றுகள்) போகாத அணிகளுக்குக் குலுக்கல் நடத்தி, யார் முதலில் புது வீரரை எடுப்பது என்று வரிசை போடுவார்கள். இரண்டு சுற்றிலும் சேர்த்து ஏறக்குறைய 60 பேர்.

அந்த வருடம் குலுக்கலில் முதல் இடம் பாஸ்டனுக்கு. ஆனால் டிராஃப்டுக்குச் சில நாள் முன்பு பாஸ்டன் அந்த முதல் இடத்தை ஃபிலடெல்ஃபியாவிடம் கொடுத்துவிட்டு, மூன்றாம் இடத்தையும் பின்னால் வரும் ஒரு முதல் சுற்று வாய்ப்பையும் வாங்கிக்கொண்டது. ஃபிலடெல்ஃபியா மார்க்கெல் ஃபுல்ட்ஸை எடுத்தது. பாஸ்டன் மூன்றாவதாக ஜேசன் டேட்டமை எடுத்தது. "பாஸ்டனுக்குப் பைத்தியம் பிடிச்சிருச்சு, அஞ்சு வருஷத்துல தெரியும் பாரு" என்று எழுதினேன். பந்தயம் ஒரு வேளை பரோட்டா. அந்த ஸ்க்ரீன்ஷாட்டை அவன் இன்னும் வைத்திருக்கிறான்.

என் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஃபுல்ட்ஸ் ஆட்டத்துக்கு 23.2 பாயிண்ட், கிட்டத்தட்ட 6 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது), 6 அசிஸ்ட் (கூடையில் முடியும் பாஸ்). த்ரீ பாயிண்டர், அதாவது தூரக் கோட்டுக்கு வெளியிலிருந்து போடும் ஷாட், 41 சதவீதம். டியூக் பல்கலைக்கழகத்தில் டேட்டம் த்ரீ போட்டது 34 சதவீதம்தான். காகிதத்தில் எவனைக் கேட்டாலும் ஃபுல்ட்ஸ் என்றுதான் சொல்வான்.

நான் பார்க்காமல் விட்டது பக்கத்துக் கட்டத்தில் இருந்தது. ஃப்ரீ த்ரோவில், அதாவது எதிரணி ஃபவுல் செய்தால் கோட்டில் தனியாக நின்று போடும் ஷாட்டில், ஃபுல்ட்ஸ் 65 சதவீதம். டேட்டம் 85.

இது ஏன் முக்கியம் என்றால், காலேஜில் இவர்களைப் போன்ற ஒருவன் ஒரு சீசனில் முயலும் த்ரீக்கள் பல நேரம் நூறு, நூற்றிருபதுதான். 120 ஷாட்டில் ஐந்து கூடுதலாக உருண்டு உள்ளே விழுந்தால் சதவீதம் நாலு ஏறிவிடும். அதிர்ஷ்டத்துக்கே அவ்வளவு இடம் இருக்கிறது. போதாததற்கு ஒவ்வொரு த்ரீயும் ஒவ்வொரு மாதிரி: ஒன்று கார்னரில் ஆளே இல்லாமல் நின்று போட்டது, இன்னொன்று ஷாட்டுக்கான நேரம் தீரப்போகும் கணத்தில், தடுப்பவன் முகத்துக்கு நேரே கையை நீட்டியிருக்கப் போட்டது. ஃப்ரீ த்ரோ அப்படியில்லை. அதே கோடு, அதே தூரம், தடுக்க ஆள் கிடையாது. ஒருவன் கை எப்படிப்பட்டது என்று கலப்படமில்லாமல் காட்டும் இடம் அது ஒன்றுதான்.

டேட்டம் முதல் சீசனிலேயே த்ரீ 43 சதவீதம் போட்டார். 2024-ல் பாஸ்டன் சாம்பியன் ஆனபோது அந்த அணியின் தூண் அவர்தான்.

ஃபுல்ட்ஸ் கதையை மட்டும் "ஃப்ரீ த்ரோ அப்பவே சொல்லுச்சு பாத்தியா" என்று நான் முடிக்க மாட்டேன். முதல் சீசனில் தோள்பட்டைப் பிரச்சினையால் 14 ஆட்டம்தான் ஆடினார். ஷாட் போடும் விதமே உருமாறிப்போனது. 2018 டிசம்பரில்தான் தோளில் நரம்பு அழுந்துகிறது என்று கண்டுபிடித்தார்கள். அதை எந்தச் சதவீதமும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது. நான் சொல்ல வருவது சின்ன விஷயம்: அந்த 41-ஐ நம்பி அவரை நல்ல ஷூட்டர் என்று நான் எடுத்துக்கொண்டது தப்பு. காயமே இல்லாமல் இருந்திருந்தாலும் தப்பு.

அதே டிராஃப்டில் இரண்டாவதாகப் போன லோன்சோ பாலைப் பாருங்கள். யுசிஎல்ஏ காலேஜில் த்ரீ 41 சதவீதம், ஃப்ரீ த்ரோ 67. என்பிஏ வந்த முதல் வருடம் த்ரீ 30.5, ஃப்ரீ த்ரோ 45. நாற்பத்தைந்து! பந்தைத் தலைக்கு இடது பக்கம் கொண்டுபோய் வலது கையால் வீசும் அந்தப் பாணியைப் பார்த்தவர்களுக்கு மறக்காது. பிறகு அதை மொத்தமாகக் கலைத்துத் திரும்பக் கட்டினார், நாலாவது சீசனில் த்ரீ 38-ஐத் தொட்டது. அதனால் இந்த எண்ணைத் தலையெழுத்து என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். "இங்கே வேலை பாக்கி இருக்கிறது" என்று சொல்லும் சீட்டு அது.

எதிர்ப்பக்கமும் உண்டு. அந்தோணி எட்வர்ட்ஸ் ஜார்ஜியா பல்கலைக்கழகத்தில் த்ரீ வெறும் 29 சதவீதம். "ஷூட்டிங் வராது" என்று எழுதியவர்கள் நிறைய. ஃப்ரீ த்ரோ 77. 2020-ல் முதல் இடத்தில் மினசோட்டா எடுத்தது. 2024-25 சீசனில் லீக்கிலேயே அதிக த்ரீ போட்டவர் அவர், 320. கவாய் லெனர்ட் காலேஜில் இரண்டு வருடமும் சேர்த்து த்ரீ 25 சதவீதம்தான், ஃப்ரீ த்ரோ 75-ஐ ஒட்டி. சான் அன்டோனியோவுக்குப் போய் முதல் சீசனிலேயே 37.6.

விதிவிலக்கு கேட்பீர்கள். ரிக்கி ரூபியோ. ஃப்ரீ த்ரோவில் ஆயுளுக்கும் 84 சதவீதம் போட்ட மனிதர், மொத்தக் கணக்கில் த்ரீ 33-ஐத் தாண்டவில்லை. ஏன் என்று கேட்டால் எனக்குத் திருப்தியான பதில் இல்லை.

இரண்டாவது, வயது. இதைப் பலர் சாதாரணமாக விட்டுவிடுகிறார்கள். 22 வயதுக்காரன் 18 வயதுப் பையன்களைத் தோளால் இடித்து உள்ளே போய்ப் போடும் 20 பாயிண்டும், 18 வயதுக்காரன் போடும் 15 பாயிண்டும் ஒரே தராசில் நிற்காது. பட்டி ஹீல்ட் ஒக்லஹோமா பல்கலைக்கழகத்தில் நாலாவது வருடம் சராசரி 25 பாயிண்ட் அடித்து, 2016-ல் ஆறாவதாகப் போனார். எல்லோரும் 22 என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு வருடம் கழித்துத்தான் அப்போதே அவருக்கு 23 என்று தெரியவந்தது! நல்ல ஷூட்டர், மறுப்பதற்கில்லை. ஆனால் வரும்போதே பெரும்பாலும் முழுதாக விளைந்து வந்தவர்.

வயதைப் பிடித்துக்கொண்டு அளவுக்கு மீறித் தொங்கினாலும் அடி விழும். ஜேலன் பிரன்சன் வில்லனோவா பல்கலைக்கழகத்தில் இரண்டு முறை சாம்பியன், அந்த வருடத்தின் சிறந்த காலேஜ் வீரர். "21 வயசாச்சு, உயரமும் இல்லை, இதுக்கு மேல என்ன வளரப் போறான்" என்று முதல் சுற்றில் எந்த அணியும் எடுக்கவில்லை. 2018-ல் 33-வதாகப் போனார். இன்று நியூயார்க் நிக்ஸ் அவரைச் சுற்றித்தான் ஆடுகிறது. அவரிடம் இருந்தது வேகமோ உயரமோ கிடையாது, காலடி. பெயிண்டுக்குள் (ரிங்குக்குக் கீழே உள்ள கட்டம்) நின்று நிதானமாக ஒரு ஏமாற்று, இன்னொரு ஏமாற்று, தடுப்பவன் எகிறியதும் ஷாட்.

அதே 2018-ல்தான் லூகா டான்சிச். 19 வயதில் ரியல் மாட்ரிடுக்காக ஐரோப்பாவின் பெரிய லீக்கான யூரோலீக் கோப்பை, அந்த லீக்கின் எம்விபி (மிகச் சிறந்த வீரர்). எதிரே ஆடியவர்கள் பையன்கள் அல்ல, முப்பது வயது தாண்டிய, குடும்பம் குட்டியோடு இருக்கும் தொழில்முறை ஆட்டக்காரர்கள். இதைவிடப் பெரிய அத்தாட்சி ஒரு இளைஞனிடம் கேட்க முடியாது. இருந்தும் ஃபீனிக்ஸ் டீயாண்ட்ரே எய்ட்டனை எடுத்தது, சாக்ரமெண்டோ மார்வின் பேக்லியை எடுத்தது. மூன்றாவதாக எடுத்த அட்லாண்டாவும் வைத்துக்கொள்ளாமல் டல்லாஸுக்குக் கைமாற்றிவிட்டது. மற்ற டிராஃப்ட் பிழைகளை எல்லாம் மன்னிக்கலாம், இதை மட்டும் என்னால் முடியவில்லை. குதிக்கவில்லை, ஓடவில்லை, உடம்பு தளதளவென்று இருக்கிறது என்றார்கள்.

உடம்பைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் அது எல்லோர் கண்ணுக்கும் தெரிகிறது. டிராஃப்டுக்கு முன் ஒரு முகாம் நடத்தி உயரம், கைவிரிப்பு, குதிப்பு எல்லாம் அளப்பார்கள். கைவிரிப்புக்கு உண்மையிலேயே மதிப்பு உண்டு. பளு தூக்குவதற்கு? 2007-ல் கெவின் டுரான்டால் 185 பவுண்டு பாரை ஒரு தடவைகூடத் தூக்க முடியவில்லை. அதற்கப்புறம் அவர் லீக்கின் பெரிய ஆட்டக்காரர்களில் ஒருவர் ஆனது ஊருக்கே தெரியும். உயரம் மட்டும் போதாது என்பதற்கு நம் பஞ்சாப் பையன் சத்னம் சிங் இருக்கிறார். ஏழடி இரண்டு அங்குலம், 2015-ல் டல்லாஸ் 52-வதாக எடுத்தது. டிராஃப்டில் தேர்வான முதல் இந்தியர் என்று நாமெல்லாம் கொண்டாடினோம். என்பிஏவில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. ஆட்டம் பக்கவாட்டில் விரிந்து எல்லோரும் கோட்டுக்கு வெளியிலிருந்து ஷாட் போட ஆரம்பித்த நேரம் அது. மெதுவாக நகரும் சென்டருக்கு (ரிங்குக்கு அருகில் ஆடும் நெட்டை ஆள்) அங்கே வேலை குறைந்துகொண்டிருந்தது.

எண்ணில் சிக்காத ஒன்று இருக்கிறது. வீடியோவில் அதை எப்படிப் பார்ப்பது என்று சொல்கிறேன். பிக் அண்ட் ரோல் வரும்போது பந்தைப் பார்க்காதீர்கள். சென்டர் வந்து, பந்து வைத்திருப்பவனைத் தடுப்பவனுக்குக் குறுக்கே நின்று (ஸ்கிரீன்), பிறகு ரிங்கை நோக்கி உருள்கிறான். எதிர்ப்பக்கக் கார்னரில் ஒரு ஷூட்டர் நிற்கிறான், அவனைக் காவல் காப்பவன் உள்ளே வருவதா வெளியே நிற்பதா என்று ஒரு கணம் தடுமாறுவான். அந்தக் காவலன் காலைப் பாருங்கள். பந்து வைத்திருப்பவன் சாதாரண ஆட்டக்காரன் என்றால், காவலன் உள்ளே வந்து நின்ற பிறகு கார்னருக்குப் பந்தை அனுப்புவான். அதற்குள் காவலன் திரும்பிப் போய்விடுவான். நல்லவன், காவலன் கால் எடுக்கும்போதே அனுப்பிவிடுவான். அபூர்வமான ஆள் இருக்கிறானே, அவன் சென்டரைப் பார்ப்பதுபோல் பார்த்து, காவலனை அந்தக் காலை எடுக்கவைப்பான். 19 வயதில் ஒருவன் இதை ஒரு ஆட்டத்தில் மூன்று தடவை செய்தால் நான் அவன் பெயரைக் குறித்துவைப்பேன், பாயிண்ட் நாலு என்றாலும்.

நிகோலா யோகிச் அப்படிப்பட்டவர். 2014-ல் 41-வது ஆள். டிவியில் அவர் பெயர் வந்தபோது டாக்கோ பெல் விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது, அவரோ செர்பியாவில் தூங்கிக்கொண்டிருந்தார். ஆனால் என்னை ஆச்சரியப்படுத்துவது விளம்பரம் அல்ல. அதே இரவில் அதே டென்வர் அணி அவருக்கு முன்பே யூசுஃப் நூர்கிச் என்ற இன்னொரு சென்டரை வாங்கியிருந்தது. அதாவது எடுத்த அணிக்கே தன் கையில் என்ன இருக்கிறது என்று முழுதாகத் தெரியவில்லை. பின்னாளில் மூன்று எம்விபி, 2023-ல் கோப்பை. "டென்வருக்கு என்ன கண்ணு பாத்தியா" என்று யாராவது சொன்னால் நான் சிரித்துவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன்.

யான்னிஸ் அடெட்டோகும்போ விஷயத்தில் எனக்குத் தவறவிட்டவர்கள்மேல் கோபமே வருவதில்லை. 2013-ல் 15-வதாகப் போனார். அதற்குமுன் ஆடியது கிரீஸின் இரண்டாம் டிவிஷனில், எதிரே நின்ற ஆட்டக்காரர்களின் தரமும் குறைவு. 18 வயது, டிராஃப்டுக்குப் பிறகும் உயரம் வளர்ந்துகொண்டிருந்த உடம்பு. முதல் சீசனில் சராசரி 6.8 பாயிண்ட். மில்வாக்கி அவரை அவசரப்படுத்தவில்லை. தோற்கும் அணியாக இருந்ததால் ஆடவும் நேரம் கிடைத்தது. எட்டு வருடம் கழித்து, 2021 இறுதிப்போட்டியின் ஆறாவது ஆட்டத்தில் 50 பாயிண்ட் அடித்துக் கோப்பையை வாங்கிக் கொடுத்தார். இதே பையன் உடனே ஜெயித்தாக வேண்டிய ஒரு அணிக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? "திறமை" என்று நாம் சொல்வதில் எத்தனை பங்கு பையனுடையது, எத்தனை பங்கு போய்ச் சேர்ந்த இடத்துடையது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடிந்ததில்லை.

ஏற்கெனவே லீக்கில் இருக்கும் இரண்டாம், மூன்றாம் வருடப் பையன்களுக்கு என் கணக்கு கொஞ்சம் வேறு. முதல் வருடப் பாயிண்ட்ஸை ஓரமாக வைத்துவிட்டு, போன வருடம் செய்ய முடியாத எதை இந்த வருடம் செய்கிறான் என்று மட்டும் பார்ப்பேன். ஷாய் கில்ஜியஸ்-அலெக்சாண்டர் 2018-ல் 11-வதாக வந்தவர், முதல் சீசன் 10.8 பாயிண்ட், அடுத்த வருடமே அணி மாற்றி ஒக்லஹோமா சிட்டி அணிக்கு அனுப்பிவிட்டார்கள். ஒவ்வொரு சீசனும் ஆட்டத்தில் ஏதாவது ஒன்று சேர்ந்துகொண்டே வந்தது. மூன்றாவது வருடம் 23 தாண்டியது, 2025-ல் 32.7, எம்விபி, கோப்பை. மாறாக, முதல் வருடம் 16 அடித்து மூன்றாவது வருடமும் அதே மாதிரி அதே 16 அடிப்பவனை நம்பி நான் இனி பரோட்டா கட்ட மாட்டேன்.

நண்பன் என்ன செய்கிறான் தெரியுமா? ஒவ்வொரு ஜூன் மாதமும் அந்த 2017 ஸ்க்ரீன்ஷாட்டை எடுத்து அனுப்பி, "இந்த வருஷம் யாரு?" என்று கேட்கிறான். நான் பெயர் சொல்வதில்லை. ஃப்ரீ த்ரோ சதவீதத்தையும் பிறந்த தேதியையும் மட்டும் அனுப்பிவிடுகிறேன்.