பித்து தெளியும் காட்சி

கேள்வி: பண்டைய கிரேக்கத் துன்பியல் நாடகங்களில் கொலைகள் பெரும்பாலும் மேடைக்கு வெளியிலேயே நிகழ்கின்றன. அப்படியானால், கொலைக்குத் தூண்டும் பித்தை எவ்வாறு காட்டினார்கள்?

பதில்: நடிகர்கள் முகமூடி அணிந்திருந்ததால் முகபாவத்தால் காட்ட வழியில்லை, பேச்சும் உடலசைவுமே அதைச் சுமந்தன. நாடகாசிரியர் யூரிப்பிடீஸ் மறைந்த பிறகு, கி.மு. 405இல் அரங்கேறிய 'பாக்கே' நாடகத்தில், மதுவின் கடவுளான தியோனிசஸ் ஏற்றிய வெறியில் தன் மகன் பெந்தியூஸைப் பிய்த்தெறிந்த அகாவே, அவன் தலையைச் சிங்கத்தின் தலையென்று நம்பிப் பெருமிதத்தோடு ஏந்தி வருகிறாள். தந்தை காட்மஸ் அவளை அதட்டவில்லை. முதலில் வானத்தைப் பார்க்கச் சொல்கிறார், பிறகு எந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டாய், உனக்குப் பிறந்த மகன் யார் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுவிட்டு, அதன்பின்னரே கையில் இருப்பது யாருடைய தலை என்கிறார். 'சிங்கத்தினுடையது, வேட்டையாடிய பெண்கள் அப்படித்தான் சொன்னார்கள்' என்று அவள் பதிலளிக்கும்போது, அந்த உறுதி முதன்முறையாக ஆட்டம் காண்கிறது. கலங்கிய மனத்தை இத்தனை பொறுமையோடு மீட்டெடுக்கும் உரையாடல் நாடக இலக்கியத்திலேயே அரிது என்பது என் கருத்து. அதே ஆசிரியரின் 'ஹெராக்ளீஸ்' நாடகத்திலும் பித்தில் தன் பிள்ளைகளைக் கொன்ற ஹெராக்ளீஸுக்கு அவன் தந்தையே உண்மையை உணர்த்துகிறார். ஆனால் அங்கே பித்து, லிஸ்ஸா என்ற தெய்வமாக மேடையிலேயே தோன்றி, தனக்கு இட்ட பணியைச் செய்ய முதலில் தயங்குகிறது.