அட்வான்ஸ், போக்கியம், பதிவு எண்: வாடகை வீட்டுக் கேள்வி-பதில்

11 மாத ஒப்பந்தம் முடிந்து நாலு மாதம் ஆகிறது. புதுப்பிக்கவில்லை, ஆனால் வீட்டு உரிமையாளர் வாடகையை மாதாமாதம் வாங்கிக்கொண்டார். இப்போது "அடுத்த மாதம் காலி பண்ணிடுங்க" என்கிறார். ஒப்பந்தத்தை எங்கும் பதியவில்லை. எங்களுக்கு என்ன உரிமை?
— வாசகர், வேளச்சேரி

தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் புதிய வாடகைச் சட்டம் (2017-ஆம் ஆண்டுச் சட்டம்) நடைமுறையில் இருக்கிறது. 1960-ஆம் ஆண்டின் பழைய வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதோடு போய்விட்டது. ஒப்பந்தக் காலம் முடிந்தும் புதுப்பிக்காமல், காலியும் செய்யாமல் இருந்தால், அதே நிபந்தனைகளில் மாதாமாதம் நீடிப்பதாகப் புதிய சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆனால் அதிகபட்சம் ஆறு மாதம்தான். உங்களுக்கு நாலு மாதம் ஓடிவிட்டது. வாய்வார்த்தையில் சொன்னதற்காக உடனே பெட்டி கட்ட வேண்டியதில்லை. வெளியேற்ற வாடகை நீதிமன்றத்தின் உத்தரவு வேண்டும். அதே சமயம், ஆறு மாதத்துக்கு மேல் எழுத்து எதுவும் இல்லாமல் இருப்பது உங்களுக்குப் பாதுகாப்பில்லை.

பதிவு விஷயத்தில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது மத்திய அரசின் பதிவுச் சட்டம். அதைத் தவிர்க்கத்தான் எல்லோரும் 11 மாதம் என்று எழுதுகிறார்கள். மாநில வாடகைச் சட்டம் கேட்பது வேறு பதிவு. வாடகை அதிகாரியிடம் (துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரி) செய்யவேண்டிய இந்தப் பதிவில், காலம் 11 மாதம் என்றாலும் விலக்கில்லை. அரசின் 'டெனன்சி' இணையதளத்தில் ஒப்பந்தத்தின் ஸ்கேன் நகல், இரு தரப்பின் அடையாளச் சான்று, பான் எண் ஆகியவற்றோடு விண்ணப்பிக்க வேண்டும். ஏற்கப்பட்டால் ஒரு வாடகைப் பதிவு எண் கிடைக்கும். உரிமையாளர் சேர்ந்து வர மறுத்தால் நீங்கள் தனியாகவும் விவரம் தாக்கல் செய்யலாம்.

எழுத்துமூல ஒப்பந்தம் செய்யத் தவறியதையே வெளியேற்றுவதற்கான ஒரு காரணமாகப் புதிய வாடகைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு வைத்திருக்கிறது. கையெழுத்துப் போட மறுத்தவர் உரிமையாளராகவே இருந்தாலும், அதே காரணத்தைக் காட்டி அவரே மனுப் போட முடியும். வாடகைதாரர் தரப்பில் இருந்து பார்த்தால் இது நியாயமாகத் தெரியவில்லைதான். அதனால் "ஒப்பந்தம் போடுங்கள்" என்று நீங்கள் கேட்டதற்கு ஆதாரம் வைத்துக்கொள்ளுங்கள்: பதிவுத் தபால், மின்னஞ்சல், வாட்ஸ்அப், எதுவானாலும் சரி.

விண்ணப்பம் சிக்கலாவது பெரும்பாலும் சின்ன விஷயங்களில்தான். வீடு இறந்துபோன அப்பா பெயரில் இருக்கும். கையெழுத்துப் போட்டிருப்பது மகன். அல்லது ஒப்பந்தத்தில் ஒரு பெயரும் ஆதாரில் வேறு இனிஷியலும் இருக்கும். வரிக்காக வாடகையைக் குறைத்து எழுதச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். பிறகு எந்தத் தகராறு வந்தாலும் காகிதத்தில் உள்ள தொகைதான் கணக்கு.

அட்வான்ஸ் மூன்று மாத வாடகைதான் வாங்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறதாமே? எங்களிடம் பத்து மாதம் வாங்கினார். காலி செய்யும்போது பெயின்டிங்குக்கு ஒரு மாத வாடகையைக் கழிப்பேன் என்கிறார்.
— வாசகர், தாம்பரம்

மூன்று மாதம் என்பது உண்மை. ஆனால் அந்தப் பிரிவு "மாறான உடன்பாடு இல்லாவிட்டால்" என்றுதான் தொடங்குகிறது. பத்து மாதத்துக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தால், "சட்டவிரோதம்" என்று வாதாடிக் கூடுதல் ஏழு மாதத்தை நடுவில் திரும்பக் கேட்பது கடினம். பேரம் பேசவேண்டியது சாவி வாங்கும் முன்.

பெயின்டிங் வேறு கதை. சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னலுக்கு வண்ணம் பூசுவது, குழாய் மாற்றுவது, வயரிங் எல்லாம், வேறு மாதிரி ஒப்புக்கொண்டிருந்தாலொழிய, உரிமையாளர் பொறுப்பு என்று சட்டத்தின் அட்டவணையே சொல்கிறது. குழாய் வாஷர், சுவிட்ச், சாக்கெட், கதவுப் பூட்டு, ஜன்னல் கண்ணாடி, அடைத்துக்கொண்ட வடிகால் ஆகியவை உங்கள் பொறுப்பு. ஆகவே ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். "காலி செய்கையில் ஒரு மாத வாடகை பெயின்டிங்குக்கு" என்ற வரி இருந்தால் கழிப்பார். இல்லாவிட்டால் கழிக்க அடிப்படை இல்லை.

மீதி அட்வான்ஸ் காலி செய்த ஒரு மாதத்துக்குள் வர வேண்டும். சாவி கொடுக்கும் நாளில் ஒவ்வோர் அறையையும் வீடியோ எடுங்கள், இபி மீட்டர் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள், "சாவி பெற்றுக்கொண்டேன்" என்று தேதியோடு ஒரு வரி எழுதி வாங்குங்கள். அந்தத் தேதி இல்லாவிட்டால் ஒரு மாதம் எப்போது தொடங்கியது என்பதே சண்டையாகும். கடைசி மூன்று மாத வாடகையைக் கொடுக்காமல் "அட்வான்ஸில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று விடுவதும் ஆபத்து. இரண்டு மாத பாக்கி சேர்ந்து, நோட்டீஸ் வந்த ஒரு மாதத்துக்குள் கட்டாவிட்டால் அதுவே வெளியேற்றும் காரணம்.

மாத வாடகை கட்டி மாளவில்லை. எட்டு லட்சம் கொடுத்து மூன்று வருடத்துக்குப் போக்கியத்தில் வீடு எடுக்கலாமா? 'லீஸ் அக்ரிமென்ட்' என்று முத்திரைத்தாளில் எழுதித் தருகிறேன் என்கிறார்.
— வாசகர், மதுரை

தவணை முடிந்ததும் பணம் கைக்கு வராமல் போவதுதான் போக்கியத்தில் அதிகம் நடக்கும் விபத்து. வீட்டை அனுபவித்துக்கொண்டு, முடிவில் அசலைத் திரும்பப் பெறுவது சட்டத்தின் பார்வையில் சுவாதீன அடமானம். சொத்து மாற்றுச் சட்டப்படி 100 ரூபாயும் அதற்கு மேலும் உள்ள அடமானம், குறைந்தது இரண்டு சாட்சிகளோடு, பதிவு செய்த பத்திரமாக இருந்தால்தான் செல்லும். வெறும் முத்திரைத்தாளில் எழுதினால் வீட்டின் மீது உங்களுக்குப் பிடிப்பு இல்லை. எட்டு லட்சம் வெறும் கைமாற்றுக் கடன்போல் ஆகிவிடும்.

ஏன் பதிவதில்லை? செலவுதான். சுவாதீன அடமானத்துக்குக் கடன் தொகையில் 4 சதவீதம் முத்திரைத்தீர்வை, 1 சதவீதம் பதிவுக் கட்டணம். எட்டு லட்சத்துக்கு 40,000 ரூபாய். (போகுமுன் நடப்பு விகிதத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.) இதைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்ள உரிமையாளர் சம்மதித்தால் நல்லது. சம்மதிக்காவிட்டால் நீங்களே முழுதும் கட்டுவதுகூட எட்டு லட்சத்தை இழப்பதைவிட மேல்.

பணம் கொடுக்கும் முன் 30 ஆண்டு வில்லங்கச் சான்று எடுங்கள். வங்கிக் கடன் இருந்தால் 'உரிமை ஆவண ஒப்படைப்பு' (கடனுக்காகப் பத்திரத்தை வங்கியிடம் கொடுத்துவைத்தது) என்று அதில் வரும். அந்தக் கடன் உங்கள் போக்கியத்துக்கு முந்தியது. கடன் தவணை நின்றால், நீதிமன்ற வழக்கு இல்லாமலே அடமானச் சொத்தை எடுக்க வங்கிகளுக்கு வழிசெய்யும் சர்ஃபேசி சட்டத்தில் வங்கி வீட்டைக் கைப்பற்றும், பிந்தி வந்த உங்களுக்கு முன்னுரிமை கிடையாது. "கடனை அடைக்கத்தான் உங்கள் பணம்" என்று சொன்னால், பணத்தை நேரடியாக வங்கிக்கே செலுத்தி, ஒப்படைப்பை ரத்து செய்த பத்திரத்தைப் பார்த்த பிறகு போக்கியத்தைப் பதியுங்கள். மூலப்பத்திரம் அசலாக அவர் கையில் இல்லையென்றால், எடுக்க வேண்டாம் என்பதற்கு அதுவே பதில்.

பத்திரத்தில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: குறித்த தேதியில் தொகையைத் திருப்பித் தர உரிமையாளர் தாமே பொறுப்பேற்கிறார் என்ற வாக்குறுதி. அது இல்லாத சுவாதீன அடமானத்தில், பணம் வரும்வரை வீட்டில் இருக்கலாமே தவிர, பணம் கேட்டு வழக்குப் போடுவது பொதுவாக முடியாது. பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். போக்கியக் காலம் முடிந்ததும், பணம் கைக்கு வராமல் சாவியைக் கொடுக்காதீர்கள். "அடுத்த ஆள் வந்ததும் தருகிறேன்" என்பதற்கும் மசியாதீர்கள்.

நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்பில், ஒதுக்கீடு பெற்றவரிடம் வாடகைக்கு இருக்கிறோம். நான்காயிரம்தான். பிரச்சினை வருமா?
— வாசகர், சென்னை

வரும். முன்பு குடிசை மாற்று வாரியம் என்றிருந்த அந்த வாரியத்தின் வீடு, ஒதுக்கீடு பெற்ற குடும்பம் குடியிருக்கத்தான். வாடகைக்கு விட்டது ஆய்வில் தெரிந்தால் ஒதுக்கீடே ரத்தாகலாம், அப்போது உங்கள் ஒப்பந்தம் உதவாது. பெரிய அட்வான்ஸோ போக்கியமோ அங்கே கொடுக்கவே வேண்டாம்.

இதோடு சேர்த்து ஒன்று: அரசு அறிவித்த குடிசைப் பகுதியில் தனியார் இடத்தில் வாடகைக்கு இருப்பவர்களை வெளியேற்ற, 1971-ஆம் ஆண்டுக் குடிசைப் பகுதிச் சட்டத்தின் 29-ஆம் பிரிவுப்படி உரிய அதிகாரியின் முன் அனுமதி வேண்டும். நோட்டீஸ் வந்தால் முதலில் அந்த அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள்.

வாடகை ஏற்றத்துக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று தண்ணீர் மோட்டாரை நிறுத்திவிட்டார். போலீசுக்குப் போகலாமா?
— வாசகர், திருச்சி

போகலாம், ஆனால் "சிவில் விவகாரம்" என்று திருப்பி அனுப்பிவிடக்கூடும். நேரான வழி வாடகை அதிகாரி. தண்ணீர், மின்சாரம், லிஃப்ட், கழிவுநீர் போன்ற அத்தியாவசியச் சேவைகளை எந்தத் தகராறிலும் நிறுத்தக் கூடாது என்கிறது புதிய வாடகைச் சட்டத்தின் 20-ஆம் பிரிவு. விசாரணை முடியும் முன்பே இடைக்கால உத்தரவு போட வாடகை அதிகாரிக்கு அதிகாரம் உண்டு. மனுவில் எந்தத் தேதி, எத்தனை மணி முதல் நிறுத்தினார், டேங்கர் தண்ணீருக்கு ஆன ரசீது, வாடகை கட்டியதற்கான வங்கி விவரம் ஆகியவற்றை வையுங்கள். கோபத்தில் வாடகையை நிறுத்திவிடாதீர்கள். உரிமையாளர் வாங்க மறுத்தால் வாடகை அதிகாரியிடமே செலுத்த வழி இருக்கிறது. வாடகை ஏற்றம் ஒப்பந்தத்தில் எழுதியபடிதான். அதில் சதவீதம் இல்லாமல் தகராறு வந்தால் அதையும் வாடகை அதிகாரியையே தீர்மானிக்கச் சொல்லலாம்.