பிரிக்காத ஐந்து தட்டுகள்

வணக்கம் சார்,

நான் நியூ ஜெர்சியில் எடிசனில் இருக்கிறேன். போன வருஷம் ஒரு ரெக்கார்டு கிளப்பில் சந்தா கட்டினேன். மாதம் ஒரு இசைத்தட்டு வீட்டுக்கு வரும். எல்லாம் ஐம்பதுகளிலிருந்து எழுபதுகள் வரை வந்த ஜாஸ், சோல் ஆல்பங்களின் மறுபதிப்புகள். இதுவரை பன்னிரண்டு வந்துவிட்டன. ஏழைக் கேட்டேன். அதில் ப்ளூ நோட் என்ற ஜாஸ் கம்பெனியின் தட்டு ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். மீதி ஐந்து பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் அலமாரியில் நிற்கின்றன. சோல் பாடகர் ஐசக் ஹேய்ஸின் 'ஹாட் பட்டர்டு சோல்' அதில் ஒன்று.

பழைய தட்டு சேகரிக்கும் நண்பர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். அலமாரியைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் ஜெராக்ஸ். முதல் பதிப்பு வைத்திருந்தால்தான் அது கலெக்‌ஷன்" என்றார். மனைவி கேட்பது வேறு: "எல்லாம் போனிலேயே இருக்கிறதே?" எனக்கும் ஒரு உறுத்தல் உண்டு. என்ன தட்டு வரும் என்பதை வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். அப்படியானால் இது என் ரசனைதானா? அடுத்த மாதம் சந்தா முடிகிறது. நீட்டிக்கலாமா என்று சொல்லுங்கள்.

ஆர்.
எடிசன்

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பரின் 'ஜெராக்ஸ்' என்ற சொல் என்னை இரண்டு நாள் விடவில்லை. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

இசைத்தட்டைப் பொறுத்தவரை, ஸ்டுடியோவில் ஓடிய மாஸ்டர் டேப் ஒன்றுதான் அசல். 1957இல் கடைக்கு வந்த தட்டும் அந்த டேப்பிலிருந்து எடுத்த பிரதிதான், இன்று வருவதும் பிரதிதான். டேப்பை ஓடவிட்டு, லாக்கர் என்ற பூச்சு பூசிய அலுமினியத் தட்டில் ஒரு கூர்முனையால் பள்ளம் வெட்டுவார்கள். அதிலிருந்து உலோக அச்சு எடுப்பார்கள். அதற்குப் பெயர் ஸ்டாம்பர். சூடான வினைலை அந்த அச்சுகளுக்கு நடுவில் வைத்து அழுத்தினால் தட்டு. டேப்பைக் கேட்டு, எந்த ஒலியை எவ்வளவு விடலாம் என்று தீர்மானிக்கிற ஆள் கட்டிங் என்ஜினியர். நம் மரபில் இதற்குச் சரியான சொல் இருக்கிறது: பதிப்பாசிரியர். சுவடியை முன்னால் வைத்துக்கொண்டு பாடம் தீர்மானிக்கிறவர் செய்கிற அதே வேலைதான். முதல் பதிப்பு என்பதற்காகவே ஒரு நூலைப் பிழையற்றது என்று நாம் சொல்வதில்லையே.

ஜாஸ் ட்ரம்பெட் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ'வை எடுத்துக்கொள்ளுங்கள். 1959 மார்ச் 2, ஏப்ரல் 22 என்று இரண்டு நாள், நியூயார்க்கில் கொலம்பியா நிறுவனத்தின் முப்பதாவது தெரு ஸ்டுடியோவில் பதிவானது. மார்ச் பதிவின்போது மாஸ்டர் டேப் மெஷின் கொஞ்சம் மெதுவாக ஓடியிருக்கிறது. மெதுவாகப் பதிந்த டேப்பைச் சரியான வேகத்தில் ஓட்டினால் இசை வேகமாக, சுருதி ஏறித்தான் வரும். அதனால் அசல் தட்டின் முதல் பக்கம் முழுக்க, மூன்று பாடல்களும், அவர்கள் வாசித்த சுருதியைவிடச் சற்று மேலே நிற்கின்றன. கூடவே பாதுகாப்புக்காக இன்னொரு டேப் மெஷினும் ஓடிக்கொண்டிருந்தது. அதன் வேகம் சரியாக இருந்தது. அந்த டேப்பிலிருந்து 1992இல் மறுபதிப்பு செய்தபோதுதான் பிழை திருந்தியது. முப்பத்துமூன்று வருஷம், உலகம் கொண்டாடிய ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இந்தப் பாடபேதம் இருந்திருக்கிறது. உங்கள் நண்பரின் கணக்குப்படி 1959 தட்டுதான் அசல். அந்த அறையில் மைல்ஸ் வாசித்த சுருதியோ மறுபதிப்பில்தான் கிடைக்கிறது.

முதல் பதிப்புகளை நான் மட்டம் தட்டவில்லை. அவற்றின் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. ஆனால் நல்ல நிலையில் உள்ள ஐம்பதுகளின் ப்ளூ நோட் முதல் பதிப்புகளில் சில இன்று ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகின்றன. அவற்றை வாங்குகிறவர்கள் ஊசியை வைக்கவே பயப்படுகிறார்கள். ஹாங்க் மோப்லியின் சாக்ஸபோனை மாதச் சம்பளக்காரர் ஒருவர் மனம்போல் கேட்க வேண்டுமென்றால் 35, 40 டாலருக்கு ஒரு நல்ல மறுபதிப்பு வேண்டும்.

நல்ல மறுபதிப்பை எப்படிக் கண்டுபிடிப்பது? நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் அந்த ப்ளூ நோட் தட்டை எடுங்கள். விளிம்பில் விரல் பட, பள்ளங்களைத் தொடாமல், மேசை விளக்குக்கு அருகில் சாய்த்துப் பிடியுங்கள். கடைசிப் பாட்டு முடிகிற இடத்துக்கும் லேபிளுக்கும் நடுவில் வெறும் வளையம் ஒன்று பளபளக்கும். மெதுவாகச் சுற்றிப் பார்த்தால் அதில் சில எழுத்துகளும் எண்களும் தெரியும். வெளிச்சம் ஒரு கோணத்தில் விழும்போது மட்டும் தெரியும், மறுபடி மறைந்துவிடும். கையால் கீறிய எழுத்துகளாக இருந்தால் கோடு ஏறி இறங்கியிருப்பதுகூடப் புலப்படும். வெட்டியவரின் கையெழுத்து அங்கேதான் இருக்கும். பழைய ப்ளூ நோட் தட்டுகளில் 'ஆர்விஜி' என்று இருக்கும். ரூடி வான் கெல்டர். உங்கள் ஊர்க்காரர் என்றே சொல்லலாம். பகலில் கண் பரிசோதகர். மற்ற நேரங்களில் நியூ ஜெர்சியின் ஹாக்கன்ஸாக்கில் தன் பெற்றோரின் வீட்டு வரவேற்பறையில் ஜாஸ் பதிவு செய்தார். ஜான் கோல்ட்ரேனின் 'ப்ளூ ட்ரெயின்' 1957 செப்டம்பர் 15 அன்று அந்த வரவேற்பறையில் பதிவானதுதான். 1959இல் எங்கிள்வுட் கிளிஃப்ஸில் உயரமான மரக்கூரை போட்ட ஸ்டுடியோவைக் கட்டிக்கொண்டு போனார். கோல்ட்ரேனின் 'எ லவ் சுப்ரீம்' 1964 டிசம்பர் 9 அன்று அங்கே பதிவானது. உங்கள் வீட்டிலிருந்து காரில் சுமார் ஒரு மணி நேரம்.

2019இல் தொடங்கிய ப்ளூ நோட்டின் டோன் பொயட் வரிசைத் தட்டுகளில் அதே வளையத்தில் 'கேபிஜி' என்று பார்க்கலாம். கெவின் கிரே என்ற கட்டிங் என்ஜினியர். அந்த வரிசையைப் பொறுப்பெடுத்துச் செய்கிறவர் ஜோ ஹார்லி. 'டோன் பொயட்' என்பது சாக்ஸபோன் கலைஞர் சார்ல்ஸ் லாய்ட் அவருக்கு வைத்த செல்லப்பெயர். மாஸ்டர் டேப்பை வரவழைத்து, நடுவில் டிஜிட்டல் இல்லாமல் நேரே லாக்கரில் வெட்டுகிறார்கள். ஐம்பதுகளில் சாதாரண வீட்டுப் பிளேயரில் ஊசி துள்ளிவிடக் கூடாது என்று பாஸ் ஒலியை அடக்கி வெட்டுவது வழக்கம். இன்று அந்தக் கவலை இல்லை. டேப்பில் அறுபது வருஷமாகக் காத்திருந்த டபுள் பாஸ் என்ற பெரிய தந்திக்கருவி இப்போதுதான் முழு உடம்போடு வெளியே வருகிறது. இதைப் போய் ஜெராக்ஸ் என்றால் எனக்கு நிஜமாகவே வருத்தமாக இருக்கிறது.

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். உறையின் மேல் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீர்கள். மொபைல் ஃபிடெலிட்டி என்ற நிறுவனத்தின் மறுபதிப்புகளை, அசல் அனலாக் டேப்பிலிருந்து டிஜிட்டல் கலக்காமல் வருகின்றன என்று நம்பித்தான் பலர் வருஷக்கணக்காக வாங்கினார்கள். பல தட்டுகளில் நடுவே டிஜிட்டல் பிரதி இருந்தது என்பதை 2022இல் அந்த நிறுவனத்தின் என்ஜினியர்களே ஒப்புக்கொண்டார்கள். அதுவரை அந்தத் தட்டுகளின் ஒலியைக் காது குளிரப் புகழ்ந்தவர்களில் பலர் அன்றைக்கு ஏமாற்றப்பட்டதாக உணர்ந்தார்கள். என் கருத்து இதுதான்: டிஜிட்டல் படி இருந்தது குற்றமில்லை, சொல்லாமல் விட்டது குற்றம். எந்த டேப்பிலிருந்து, யார் வெட்டியது, எங்கே அச்சானது என்ற மூன்றையும் வெளிப்படையாகச் சொல்கிற கிளப்புக்குப் பணம் கட்டுங்கள். சொல்லாதவர்களுக்கு வேண்டாம்.

அப்புறம், தேர்வு பற்றிய உங்கள் உறுத்தல். எனக்குத் தட்டு அனுப்பிய கிளப்பிலிருந்து ஒரு மாதம் டாரதி ஆஷ்பியின் 'ஆஃப்ரோ-ஹார்ப்பிங்' வந்தது. 1968இல் சிகாகோவின் காடெட் என்ற இசைக் கம்பெனியில் வந்த ஆல்பம். டெட்ராய்ட்டைச் சேர்ந்த இந்தப் பெண் வாசித்தது ஹார்ப், யாழ் மாதிரியான பெரிய தந்திக்கருவி. ஜாஸில் ஹார்ப்பா என்று நானாக இருந்தால் கடையில் அதைத் தாண்டிப் போயிருப்பேன். பணம் கட்டியாயிற்று, வீட்டுக்கு வந்துவிட்டது, சரி என்று போட்டேன். அந்த மாதம் முழுக்க வேறு தட்டு எதுவும் ஓடவில்லை. ஸ்டீவி வொண்டரின் 1976 ஆல்பத்தில் 'இஃப் இட்ஸ் மேஜிக்' பாடலில் அவர் குரலைத் தாங்கி வரும் ஹார்ப்பும் இவருடையதுதான். எத்தனையோ வருஷம் கேட்ட பாட்டு. வாசித்தது யார் என்று அதுவரை நான் தேடியதே இல்லை. நமக்கு முன்னே தெரிந்தவர் ஒருவர் கையில் கொடுத்து, கேட்டுப் பாருங்கள் என்று சொல்வதால் ரசனை குறைந்துவிடாது. என் ரசனையில் பாதி அப்படித்தான் வந்தது.

இந்த வழக்கம் புதிதும் இல்லை. 1930களிலேயே நியூயார்க் 42ஆவது தெருவில் கமடோர் என்ற கடையை நடத்திய மில்ட் கேப்ளர், கம்பெனிகள் கைவிட்ட ஜாஸ் தட்டுகளை மறுபடி அச்சடித்து, ஹாட் கிளப்புகள் என்ற ரசிகர் சங்கங்களின் பெயரில் வெளியிட்டார். வாசித்தவர்கள் எல்லாருடைய பெயரையும் லேபிளில் போட்டார். அதுவரை குழுத்தலைவர் பெயர் மட்டும்தான் இருக்கும். ட்ரம்பெட் யார், கிளாரினெட் யார் என்று மக்கள் பெயர் சொல்லிக் கேட்க ஆரம்பித்ததில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் செய்ததும் மறுபதிப்புதான்.

1955இல் கொலம்பியா தொடங்கிய தபால்வழி கிளப் இன்னொரு வகை. வேண்டாம் என்று குறித்த தேதிக்குள் எழுதிப் போடாவிட்டால் அந்த மாதத் தட்டு வந்து நிற்கும், பில்லும் வரும். அந்தப் பழக்கம் இன்னும் சாகவில்லை. நான் சேர்ந்த ஒரு கிளப் சந்தாவைத் தானாகப் புதுப்பித்துக்கொண்டு முழு வருஷப் பணத்தையும் எடுத்துக்கொண்டது. திருப்பி வாங்க நான்கு மாதம் எழுதினேன். இன்னொரு முறை மே மாத வெயிலில் பார்சலை வாசலிலேயே போட்டுவிட்டுப் போனார்கள். தட்டு அப்பளம் மாதிரி நெளிந்துவிட்டது. மாற்றித் தர மறுத்தார்கள். ஆகவே நீட்டிப்பதற்கு முன் இரண்டு விஷயம் பாருங்கள்: தானியங்கிப் புதுப்பித்தலை நிறுத்த முடிகிறதா, பழுதான தட்டை மாற்றித் தருகிறார்களா. இரண்டுக்கும் ஆம் என்றால் தாராளமாக நீட்டிக்கலாம். ஆனால் மூன்று மாதத்துக்கு மட்டும். அதுவும் அந்த ஐந்தையும் பிரித்த பிறகு.

உங்கள் மனைவியின் கேள்விக்கு வருகிறேன். அவர் சொல்வது உண்மை, எல்லாம் போனில் இருக்கிறது. நானும் பேருந்தில் போனில்தான் கேட்கிறேன். தட்டில் மட்டும் கிடைப்பது என்ன என்பதற்கு நீங்கள் பிரிக்காத 'ஹாட் பட்டர்டு சோல்' போதும்.

மெம்ஃபிஸின் ஸ்டாக்ஸ் கம்பெனியின் நட்சத்திரம் ஓடிஸ் ரெடிங் 1967 டிசம்பர் 10 அன்று விமான விபத்தில் இறந்தார். உடன் போன பார்-கேஸ் என்ற இசைக்குழுவினரிலும் ஒருவர் தவிர அந்த விமானத்தில் இருந்தவர்கள் யாரும் பிழைக்கவில்லை. அடுத்த வருஷம் அட்லாண்டிக் என்ற பெரிய கம்பெனியுடன் ஸ்டாக்ஸின் உறவு முறிந்தபோது, ஒப்பந்தத்தில் யாரும் சரியாகக் கவனிக்காத ஒரு ஷரத்தால், அதுவரை அட்லாண்டிக் விநியோகித்த ஸ்டாக்ஸ் பதிவுகளின் உரிமை அட்லாண்டிக்குக்குப் போய்விட்டது. பாடகரும் போய், பாட்டும் போய், வெறும் கட்டடம் மிஞ்சிய நிலை. ஸ்டாக்ஸின் நிர்வாகி அல் பெல் அசரவில்லை. புதிய சரக்கு வேண்டும் என்று ஒரே மூச்சில் 27 ஆல்பங்களுக்கு ஏற்பாடு செய்தார். அந்தக் கூட்டத்தில் ஒன்று, அதுவரை மற்றவர்களுக்குப் பாட்டெழுதிக்கொண்டிருந்த ஐசக் ஹேய்ஸுக்குக் கிடைத்தது. என் இஷ்டத்துக்குச் செய்வேன் என்றார், விட்டார்கள். மொத்தம் நான்கே பாட்டு. பின்னணியில் புதிதாகச் சேர்த்த பார்-கேஸ். அதில் பாஸ் கிதார் வாசிக்கும் ஜேம்ஸ் அலெக்ஸாண்டர், அன்றைக்கு அந்த விமானத்தில் இடமில்லாமல் வேறு விமானத்தில் வந்ததால் பிழைத்தவர். 1969இல் அந்த ஆல்பம் சோல் பட்டியலிலும் ஜாஸ் பட்டியலிலும் முதலிடத்துக்குப் போனது.

இரண்டாம் பக்கத்தில் இரண்டாவது பாட்டு, 'பை தி டைம் ஐ கெட் டு ஃபீனிக்ஸ்'. க்ளென் கேம்ப்பெல் பாடியபோது மூன்று நிமிடத்துக்குள் முடிந்தது. ஹேய்ஸிடம் பதினெட்டு நிமிடத்துக்கு மேல். ஆர்கனில் ஒரே ஸ்வரம் நீண்டு நிற்கும். பாடவே மாட்டார், பேசுவார். ஒரு ஆண் ஏன் வீட்டை விட்டுப் போகிறான் என்று, அவசரமே இல்லாமல், திண்ணையில் உட்கார்ந்து சொல்வது போலச் சொல்வார். போனில் கேட்கும்போது இந்த இடத்தில் விரல் தானாக அடுத்த பாட்டுக்குப் போகிறது. தட்டில் எழுந்து போய்த்தான் ஊசியைத் தூக்க வேண்டும். நான் எழுந்து போனதில்லை.

கதை முடிந்து பாட்டு ஏறி ஏறி, பிராஸும் (ட்ரம்பெட் போன்ற ஊதுகருவிகள்) வயலின்களும் சேர்ந்து வெடிக்கும் கட்டம் வரும்போது ஊசி லேபிளை நெருங்கியிருக்கும். தட்டின் வெளி ஓரத்தில் பள்ளம் விநாடிக்கு 50 சென்டிமீட்டர் வேகத்தில் ஊசிக்கு அடியில் ஓடுகிறது. உள் ஓரத்தில் சுமார் 21 மட்டும். அதே ஒரு விநாடி இசையைப் பாதிக்கும் குறைந்த நீளத்தில் அடைக்க வேண்டும். ஆல்பத்தின் மிக உரத்த கட்டம், தட்டின் மிக நெருக்கடியான இடத்தில் வந்து மாட்டிக்கொள்கிறது. மோசமான மறுபதிப்பில் அந்த பிராஸ் கரகரவென்று கிழியும். நல்ல கை வெட்டியிருந்தால் ஒவ்வொரு கருவியும் தனித்தனியே நிற்கும். உங்கள் கிளப்பின் தரத்தைச் சோதிக்க இதைவிட நல்ல இடம் இல்லை.

இந்த வாரக் கடைசியில் அதைப் பிரியுங்கள். உறையில் தெரிவது ஹேய்ஸின் மொட்டைத்தலை, மேலேயிருந்து எடுத்த படம். போனில் அது கட்டைவிரல் அளவு. உறையில் ஒரு அடிக்கு ஒரு அடி. மனைவியையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். முதல் பக்கத்தை இன்னொரு நாள் கேட்கலாம், நேரே இரண்டாம் பக்கத்தைப் போடுங்கள். கடைசி மூன்று நிமிடம் கிழிந்ததா, நின்றதா என்று எனக்கு எழுதுங்கள். நின்றது என்றால் அந்த கிளப்பின் பெயரையும் சொல்லுங்கள், நானும் சேர்ந்துகொள்கிறேன்.