சட்டக் கேள்வி – பதில்: காருக்குச் சங்கிலி போட சங்கத்துக்கு உரிமை உண்டா?

கேள்வி: கடலூரில் பதினெட்டு வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருக்கிறேன். மகளின் வளைகாப்புக்கு நெய்வேலியிலிருந்து வந்த என் தம்பி, கீழே தூண் ஓரம் காலியாக இருந்த இடத்தில் காரை நிறுத்தினார். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் முன்சக்கரத்தில் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். ஆயிரம் ரூபாய் அபராதம் கட்டினால்தான் திறப்போம், கட்டாவிட்டால் தண்ணீரையும் நிறுத்துவோம் என்கிறார் சங்கச் செயலாளர். அவருக்கு இந்த அதிகாரம் உண்டா?
– வாசகி, செம்மண்டலம்

பதில்: அபராதம் என்ற சொல்லே இங்கே பொருந்தாது. சட்டம் யாருக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறதோ அவர்கள் மட்டுமே அபராதம் விதிக்க முடியும். குடியிருப்போர் நலச்சங்கம் அந்த வரிசையில் இல்லை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் பதிவான சங்கத்தின் துணைவிதிகள் அதன் உறுப்பினர்களைக் கட்டுப்படுத்தும். தவறான இடத்தில் வண்டியை நிறுத்தினால் இவ்வளவு கட்டணம் என்று அந்த விதிகளில் இருந்து, அது பொதுக்குழுவில் முறையாக நிறைவேறித் தீர்மானப் புத்தகத்திலும் ஏறியிருந்தால், உறுப்பினரான உங்கள் வீட்டு உரிமையாளரிடம் சங்கம் அதைக் கேட்கலாம். சங்க விதிகளுக்குக் கட்டுப்படுவேன் என்று வாடகை ஒப்பந்தத்தில் நீங்கள் கையெழுத்துப் போட்டிருந்தால், அவர் உங்களிடம் கேட்கலாம். விருந்தாளியாக வந்த உங்கள் தம்பிக்கும் சங்கத்துக்கும் இடையே எந்த ஒப்பந்தமும் கிடையாது. ஒப்புக்கொண்ட தொகையானாலும் முழுவதும் கிடைத்துவிடும் என்று சொல்வதற்கில்லை. இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 74-ஆம் பிரிவின்படி எழுதிவைத்த தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடு எவ்வளவோ, அவ்வளவைத்தான் நீதிமன்றம் தரும். இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் செயலாளர் போடும் செய்தி துணைவிதி ஆகாது.

சங்கிலி இதைவிட மோசம். பிறருடைய வண்டியைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் அதிகாரத்தை ஒரு சங்கம் தனக்குத் தானே எழுதிக்கொள்ள முடியாது. திறந்துவிடும்படி எழுத்துமூலம் கேளுங்கள். மறுத்தால் காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். ஆத்திரத்தில் ரம்பத்தால் அறுத்துவிட வேண்டாம். சங்கத்தின் பொருளைச் சேதப்படுத்தினார் என்று தம்பி பெயரில் எதிர்ப்புகார் வரும். தண்ணீரைப் பொறுத்தவரை, வாடகைதாரருக்கான அத்தியாவசிய வசதிகளை வீட்டு உரிமையாளரோ, சொத்து மேலாளரோ, அவர்கள் சார்பில் வேறு எவருமோ நிறுத்தக் கூடாது என்று தமிழ்நாட்டின் 2017-ஆம் ஆண்டு வாடகைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. (புதுச்சேரி வாசகர்கள் கவனிக்க: இந்த வாடகைச் சட்டமும் சங்கப் பதிவுச் சட்டமும் தமிழ்நாட்டுக்கு உரியவை, ஒப்பந்தச் சட்டமும், அடுத்த பதிலில் வரும் மோட்டார் வாகனச் சட்டமும் இரு பக்கத்துக்கும் பொது.)

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ள வேண்டாம். அந்தத் தூணில் எண் எழுதியிருந்ததா? மஞ்சள் பெயிண்டில் வீட்டு எண் இருந்தால், அந்த வீட்டுக்காரர் மூன்று நாளாகத் தெருவில் இடம் தேடி அலைந்திருப்பார். அவருடைய கோபத்தில் நியாயம் இருக்கிறது. தவறு சங்கம் கையாண்ட முறையில்தான். அந்த எண் எப்படி வந்தது என்பதையும் கேட்டுப் பாருங்கள். கட்டடத்தின் கீழ்த்தள நிறுத்துமிடத்தைத் தனி மனை போல விற்கக் கட்டுமான நிறுவனத்துக்கு உரிமையில்லை என்று 2010-இல், மகாராஷ்டிர வழக்கொன்றில், உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டமும் திறந்தவெளி நிறுத்துமிடத்தைப் பொதுப் பகுதியில்தான் சேர்க்கிறது. பொது இடத்தை யாருக்கு எப்படி ஒதுக்குவது என்பதைச் சங்கம் கூடித் தீர்மானிக்கலாம். ஆனால் அந்த ஒதுக்கீட்டுப் பட்டியல் எழுத்தில் இருக்க வேண்டும், விருந்தினர் வண்டிக்கும் ஓர் இடம் வேண்டும். இரண்டும் இல்லாத குடியிருப்பில் சங்கிலி வாங்கத்தான் முதலில் பணம் ஒதுக்குகிறார்கள்.

கேள்வி: திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் சொந்த வீட்டு கேட்டை மறித்துத் தினமும் யாராவது வண்டியை விட்டுப் போகிறார்கள். 'இங்கே வாகனம் நிறுத்தினால் 500 ரூபாய் அபராதம், டயரில் காற்று பிடுங்கப்படும்' என்று பலகை மாட்டியிருக்கிறேன். செல்லுமா?
– வாசகர், திருப்பாதிரிப்புலியூர்

பதில்: செல்லாது. கேட்டுக்கு வெளியே உள்ள தெரு உங்களுடையதன்று; அங்கே பணம் வாங்கவோ காற்றைப் பிடுங்கவோ உங்களுக்கு உரிமையில்லை. ஆனால் உங்கள் குறைக்குச் சட்டத்தில் நேரடியான பதில் உண்டு. சொத்தின் நுழைவாயிலுக்கு முன் வண்டி நிறுத்தக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுநர் ஒழுங்குமுறைகளே சொல்கின்றன. அந்த ஒழுங்குமுறைகளை மீறினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 177A பிரிவின்படி 500 ரூபாய் முதல் 1,000 ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்; வசூலிக்க வேண்டியது போக்குவரத்துக் காவல்துறை. அவர்களிடம் புகார் கொடுக்கப் படம் எடுக்கும்போது நம்பர் பிளேட்டும் உங்கள் கேட்டும் ஒரே படத்துக்குள் வரும்படி எடுங்கள். பிளேட் மட்டும் இருந்தால் வண்டி எங்கே நின்றது என்பது தெரியாது. பலகையில் அபராத வரியையும் காற்று வரியையும் அழித்துவிட்டு, 'வண்டி வந்துபோகும் வழி, மறிக்க வேண்டாம்' என்று மட்டும் எழுதிவையுங்கள்.