கடிதம் யாரிடம் கேட்பது?

கேள்வி (குடியாத்தம் வாசகி): என் அக்கா மகள் அமெரிக்காவில் பிறந்து வளர்ந்தவள். அங்கே உயிரியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள், வரும் ஜூனில் மருத்துவக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கப் போகிறாள். பரிந்துரைக் கடிதங்கள் வேண்டுமாம். போன கோடையில் வேலூர் வந்து, எங்களுக்குத் தெரிந்த பெரிய டாக்டர் ஒருவரோடு இரண்டு வாரம் வார்டுக்குப் போய் வந்தாள். அவரும், என் வீட்டுக்காரருக்கு நெருக்கமான முன்னாள் எம்.எல்.ஏ. ஒருவரும் கடிதம் தரத் தயாராக இருக்கிறார்கள். அவளோ வேண்டாம் என்கிறாள். யாரிடம் வாங்குவது?

பதில்: அந்தப் பெண் சொல்வதுதான் சரி அம்மா. எம்.எல்.ஏ. கடிதத்தை இப்போதே விட்டுவிடுங்கள். நம் ஊரில் கடிதம் என்றாலே சிபாரிசுதான். தாலுகா ஆபீஸ் முதல் எல்.கே.ஜி. அட்மிஷன் வரை யார் கையெழுத்து என்று பார்ப்பார்களே தவிர உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் படிக்கிறார்கள்? அங்கே தேர்வுக் குழுவில் இருப்பவர்கள் அதை ஒரு சாட்சியின் வாக்குமூலம் போலப் படிக்கிறார்கள். இவருக்கு இந்தப் பெண்ணை எத்தனை நாளாகத் தெரியும், எந்த வேலையில் பார்த்தார், தப்பு நடந்தபோது அவள் ஒத்துக்கொண்டாளா, கூட வேலை செய்கிறவர்களிடம் எப்படிப் பேசினாள், இதெல்லாம்தான் அவர்களுக்கு வேண்டும். பார்க்காதவர் என்ன சாட்சி சொல்ல முடியும்?

பல கல்லூரிகள் கேட்பது, பாடம் நடத்திய அறிவியல் பேராசிரியர்கள் இரண்டு பேர், அறிவியல் அல்லாத பாடத்தில் ஒருவர். ஆராய்ச்சி லேபில் வேலை செய்திருந்தால் அந்த லேப் தலைவர் கடிதமும் நல்லது. சில பல்கலைக்கழகங்களில் மருத்துவம் போகும் மாணவர்களுக்கென்றே ஒரு குழு இருக்கும், அவர்களே எல்லாவற்றையும் சேர்த்து ஒரு கடிதம் அனுப்புவார்கள், அப்படி இருந்தால் முதலில் அங்கே போகச் சொல்லுங்கள். அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளுக்கான பொது விண்ணப்பத்தில் 10 கடிதம் வரை ஏற்றலாம், ஆனால் எத்தனை, யாருடையது என்பதை ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகச் சொல்லும், அதைப் படித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். முந்நூறு பேர் உட்காரும் வகுப்பில் பேராசிரியருக்கு முகமே தெரியாது. அங்கே லேப் வகுப்பை நடத்திய உதவி ஆசிரியருக்கு அவளைத் தெரிந்திருந்தால் அவர் எழுத, பேராசிரியரும் சேர்ந்து கையெழுத்திடலாம்.

வேலூர் டாக்டர் கடிதத்துக்கு வருகிறேன். இரண்டு வாரம் கூடவே நடந்ததில் அவருக்கு அவளைப் பற்றி என்ன தெரிந்திருக்கும்? உண்மையாகவே தெரிந்திருந்தால் எழுதட்டும், ஆனால் முக்கியமான மூன்றில் ஒன்றாக அதை வைக்காதீர்கள். இன்னொன்று, இதை நான் அழுத்திச் சொல்கிறேன். 'ஊசி போட்டாள், தையல் போட்டாள்' என்று அவர் பெருமையாக எழுதிவிட்டால் அதுவே அவளுக்கு எதிராகத் திரும்பும். பயிற்சி இல்லாத மாணவர்கள் வெளிநாட்டுக்குப் போய் நோயாளிமேல் கை வைப்பதை அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளின் சங்கமே எச்சரித்திருக்கிறது. நம் ஜனங்கள் பழகிப் பார்க்கும் பொருள் இல்லை அம்மா.

கேட்கும்போது 'எனக்காக நல்லதாக, அழுத்தமாக எழுத முடியுமா சார்' என்று நேராகக் கேட்கச் சொல்லுங்கள். அவர் இழுத்தால் நன்றி சொல்லிவிட்டு வேறு ஆளைப் பார்க்கலாம், அந்த இழுப்பே பதில். இரண்டு மாதம் முன்னதாகவே கேட்டு, செய்த வேலைகளின் பட்டியலும் கடைசித் தேதியும் கையில் கொடுக்க வேண்டும். கடிதத்தைப் பார்க்கும் உரிமை வேண்டாம் என்று எழுதிக்கொடுப்பதும் நல்லது, அப்போதுதான் படிக்கிறவர் நம்புவார்.

முப்பது வருஷம் விலங்கியல் நடத்தியவன் நான். ஒரு பையனுக்கு வெளிநாட்டுப் படிப்புக்காகக் கடிதம் எழுதினேன், அவனைப் பற்றி எனக்குத் தெரிந்தது மார்க் மட்டும். 'ஒழுக்கமானவன், கடின உழைப்பாளி' என்று அரைப் பக்கம். இடம் கிடைக்கவில்லை. அப்புறம்தான் எங்கள் லேப் அட்டெண்டர் சொன்னார், ஜூனியர் பிள்ளைகளுக்கு அறுத்துக் காட்டுவதற்காக அவன் தினமும் ஆறு மணி வரை இருந்துவிட்டு, டிரே எல்லாம் கழுவிவைத்துத்தான் கடைசி பஸ்ஸைப் பிடிப்பானாம். அதை நான் கேட்டுத் தெரிந்து எழுதியிருக்க வேண்டும். இன்றும் உறுத்துகிறது.

கேள்வி (வாணியம்பாடி, பிளஸ் டூ மாணவர்): இங்கிலாந்தில் மருத்துவம் படிக்க விண்ணப்பிக்கிறேன். பிரின்சிபால், 'நீயே எழுதிக்கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்' என்கிறார்.

பதில்: எழுதாதே தம்பி. உன் விண்ணப்பக் கட்டுரையும் அந்தக் கடிதமும் ஒரே குரலில் பேசினால் படிக்கிறவருக்கு உடனே தெரிந்துவிடும், அது பொய்யும்கூட. அந்த நாட்டுப் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸ் வழியாகப் போகிறாய், அங்கே ஒரே ஒரு கடிதம்தான், எழுதியவரே ஏற்ற வேண்டும். 2024 சேர்க்கையிலிருந்து அது மூன்று பகுதி: பள்ளியைப் பற்றி, உன் படிப்பைப் பாதித்த சூழ்நிலை ஏதாவது இருந்தால் அது, உன்னைப் பற்றிச் சொல்ல வேண்டியது. உன் பயாலஜி மிஸ்ஸிடம் போய் மூன்றாவது பகுதிக்கு நாலு விஷயம் எழுதித் தரச் சொல், அதைப் பிரின்சிபாலிடம் கொடுத்தால் அவருக்கும் வேலை சுலபம். பாதி வருஷம் வேதியியலுக்கு ஆசிரியரே இல்லை என்றால் அதை இரண்டாவதில் சொல்லச் சொல், வெட்கப்பட ஒன்றுமில்லை. சொந்தக்காரர், நண்பர் எழுதக் கூடாது, மாமா டாக்டராக இருந்தாலும். மருத்துவத்துக்குக் கடைசித் தேதி அக்டோபர் 15. காலாண்டுப் பரீட்சைக்கு முன்பே பேசிவிடு, பரீட்சை வந்தால் மிஸ்ஸுக்கு நேரம் இருக்காது.

கேள்வி (ஆற்காடு வாசகர்): நம் எம்.பி.பி.எஸ். சேர்க்கைக்கும் இதுபோலக் கடிதம் வேண்டுமா?

பதில்: வேண்டாம். நீட் மதிப்பெண்ணும் கவுன்சலிங்கும்தான். வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி தனியாகத் தேர்வு வைத்து, பாகாயம் வளாகத்தில் நேர்காணல் நடத்திய காலம் போய்விட்டது, இப்போது அங்கேயும் நீட்தான். திருச்சபைகள் தரும் ஸ்பான்சர்ஷிப் தனி விஷயம், அதை உங்கள் சபை அலுவலகத்தில் கேளுங்கள்.