தொட்டிக்குள் சுற்றும் சுறாவுக்கு மன உளைச்சலா?

கேள்வி: ஈசிஆர் பக்கம் ஒரு மீன் காட்சியகத்தில் சுறா ஓயாமல் வட்டமடித்தது. பாவம், வெளியே போகத் தவிக்கிறதா?

சுற்றுவதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. கருந்துடுப்புச் சுறா போன்றவை நீந்தினால்தான் செவுள் வழியே தண்ணீர் ஓடும், மூச்சு கிடைக்கும். நின்றால்தான் ஆபத்து. ஆனால் அடுத்த முறை பத்து நிமிடம் ஒரே இடத்தில் நின்று பாருங்கள். அதே திருப்பம், அதே மூலை, கண்ணாடியில் உரசி உரசிப் புண்ணான மூக்கு என்றால் அது சரியில்லை.

நம் முகத்தை அவற்றின் முகத்தில் தேடுவதுதான் பெரிய தப்பு. டால்பின் சிரிக்கவே இல்லை. அதன் தாடை அமைப்பே அப்படி. செத்த பிறகும் அந்தச் 'சிரிப்பு' அப்படியே இருக்கும்!

இயல்புணர்ச்சியோ பழக்கினாலும் போகாது. ஐஸ்லாந்து கடலில் 1983இல் குட்டியாகப் பிடிபட்ட திலிக்கும் என்ற ஓர்க்கா (டால்பின் குடும்பத்தைச் சேர்ந்த பெரிய கடல் விலங்கு), 26 வருடத்துக்கும் மேல் மனிதர் கையில் சாப்பிட்ட பிறகு, 2010இல் ஃப்ளோரிடாவில் தன் பயிற்சியாளரையே கொன்றது. வெறி என்று சிலர் சொன்னார்கள். குடும்பமாகவே வாழும் விலங்கைப் பிரித்துத் தொட்டியில் போட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்பேன். இந்தியாவில் 2013லேயே டால்பின் காட்சிக்கூடங்களுக்கு அனுமதி கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். நல்லவேளை.