நல்ல செய்திகளின் களைப்பு

வணக்கம் ஐயா,

உங்கள் எழுத்தைப் பல ஆண்டுகளாக வாசிக்கிறேன். கடிதம் எழுதுவது இதுதான் முதல் தடவை.

ஆண்டு முடியும்போது சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் ஒரு பக்கக் கடிதம் அனுப்புவேன். வீட்டில் என்ன நடந்தது என்ற விவரம், அவ்வளவுதான். இந்த ஆண்டு எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. செய்திக்குப் பஞ்சமில்லை. கணவருக்கு வேறு ஊரில் நல்ல வேலை கிடைத்தது. எல்லோரும் கிளம்பி வாடகை வீட்டுக்குப் போனோம். 7 மாதத்தில் கடன் வாங்கிச் சொந்த வீடு வாங்கி, மறுபடி மாறினோம். நான் பழைய வேலையை விட்டேன். இங்கே வேறு துறையில் ஒரு வேலை, பிடித்திருக்கிறது. மகளுக்கு ஆசைப்பட்ட கல்லூரியில் இடம் கிடைத்து விடுதிக்குப் போய்விட்டாள். மாமியாருக்கு 80 வயது நிறைந்தது. 12 வயது மகன் புதுப் பள்ளிக்குப் போய்வருகிறான். இயல்பிலேயே அதிகம் பேசாதவன், இப்போது இன்னும் குறைத்துவிட்டான். சோம்பேறித்தனமும் கூடிவிட்டது. இந்த வீட்டுக்கு வந்து 3 மாதம் ஆகியும் அவனுடைய அட்டைப்பெட்டிகள் மட்டும் பிரிக்கப்படாமல் கட்டிலுக்கு அடியில் கிடக்கின்றன. வேண்டியதை மட்டும் கையை விட்டு எடுத்துக்கொள்கிறான்.

"உங்களுக்கு இது பொன்னான ஆண்டு" என்கிறார்கள். எனக்கோ அடுப்படியில் நிற்கும்போது காரணமில்லாமல் அழுகை வருகிறது. இவ்வளவு கிடைத்தும் இப்படி இருப்பது நன்றிகெட்டத்தனமா? இந்தக் கடிதத்தை எப்படி எழுதுவது? அல்லது இந்த ஆண்டு விட்டுவிடலாமா?

(பெயரை வெளியிட வேண்டாம்.)

*

அன்புள்ள வாசகிக்கு,

நன்றிகெட்டத்தனம் இல்லை. இதை முதலில் சொல்லிவிட்டால் மற்றதை நிதானமாகப் பேசலாம்.

1967-இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரண்டு அமெரிக்க மனநல மருத்துவர்கள் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். வாழ்க்கையில் நேரும் 43 நிகழ்வுகளைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றுக்கும் பிறகு ஒருவர் தன்னைச் சரிசெய்துகொள்ள எவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறது என்று 394 பேரிடம் கேட்டு மதிப்பெண் போட்டார்கள். வாழ்க்கைத் துணையின் மரணம் 100. இதில் வியப்பில்லை. ஆனால் திருமணம் 50, பணி ஓய்வு 45, பெரிய சாதனை 28, விடுமுறைக்குப் போய்வருவதற்கே 13. நல்லதா கெட்டதா என்று அவர்கள் பார்க்கவில்லை. அன்றாடம் எவ்வளவு கலைகிறது என்றுதான் பார்த்தார்கள். உங்கள் கடிதத்தை வைத்துக்கொண்டு கூட்டினேன்: துறை மாறிய வேலை 36, வீட்டுக் கடன் 31, மகள் வீட்டைவிட்டுப் போனது 29, வாழும் சூழல் மாறியது 25, வீடு மாறியது 20, திரும்பவும் ஒரு 20. ஆக மொத்தம் 161. ஓர் ஆண்டில் 150-ஐத் தாண்டினாலே உடம்பைக் கவனிக்கச் சொல்கிறது அந்தக் கணக்கு. வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார் என்று சொல்லிவைத்தவர்களுக்கு இந்தக் கூட்டல் தேவைப்பட்டிருக்காது.

அந்த அளவுகோல் எனக்கு வேதவாக்கு அல்ல. மதிப்பெண்ணுக்கும் பின்னால் வரும் நோய்க்கும் தொடர்பு இருக்கிறது, ஆனால் மெலிந்த தொடர்பு. ராஹே கடற்படை மாலுமிகளை ஆராய்ந்தபோதும் அப்படித்தான் தெரிந்தது. பின்னால் வந்த ஆய்வாளர்கள் இன்னொரு குறையையும் எடுத்துக்காட்டினார்கள். நாமே தேடிக்கொண்ட மாற்றத்தையும், நம்மைக் கேட்காமல் தலையில் விழுந்த மாற்றத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. இரண்டாவதுதான் ஆளை அதிகம் வாட்டுகிறது.

இந்தக் கண்ணோடு உங்கள் கடிதத்தைத் திரும்ப வாசித்தேன். வேலையைக் கணவர் தேர்ந்தெடுத்தார். வீட்டை நீங்கள் இருவரும். கல்லூரியை மகள். நீங்கள் பழைய வேலையை விட்டது பாதி விருப்பம், பாதி வேறு வழியில்லாமல் என்று ஊகிக்கிறேன். புது வேலை பிடித்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், பழையது பிடித்திருந்ததா என்று எழுதவில்லை. அடுப்படி அழுகைக்குக் காரணம் அங்கே இருக்கலாம். புதியது நல்லதாக அமைந்துவிட்டது என்பதற்காகப் பழையதற்கு வருந்தக் கூடாது என்று யாரும் விதி எழுதிவைக்கவில்லை. (அழுகையோடு தூக்கமும் பசியும் கெட்டு, அது வாரக்கணக்கில் நீண்டால் மருத்துவரைப் பாருங்கள். அதற்கு என் பதில் போதாது.)

உங்கள் மாமியாருக்கு ஒரே ஒரு வரிதான் கொடுத்திருக்கிறீர்கள். இரவில் எழுந்தால் விளக்கு சுவிட்ச் எந்தப் பக்கம் என்று அவருடைய கை இந்த ஓர் ஆண்டுக்குள் இரண்டு முறை புதிதாகப் பழகியிருக்கிறது. 80 வயதில் அது எளிதல்ல.

இனி மகன். அவனைச் சோம்பேறி என்று நீங்கள் சொல்வதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். வாடகை வீட்டுக்கு வந்தபோது அவன் பெட்டிகளைப் பிரித்தானா இல்லையா, நினைத்துப் பாருங்கள். பெரும்பாலும் பிரித்திருப்பான். சுவரில் எதையாவது ஒட்டியிருப்பான், அலமாரியில் புத்தகத்துக்கு ஒரு தட்டு, பந்துக்கு ஒரு மூலை என்று ஒதுக்கியிருப்பான். 7 மாதத்தில் அத்தனையையும் திரும்பப் பெட்டிக்குள் போடச் சொன்னார்கள். இரண்டாம் முறை அவன் பிரிக்காமல் இருப்பது கணக்குத் தெரிந்தவன் செய்யும் காரியம். இது நிலையான வீடு என்பது உங்களுக்குத் தெரியும், கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அவனுக்கு எப்படித் தெரியும்? "இனி இதுதான் நம் வீடு" என்று வாடகை வீட்டு வாசலிலும் யாராவது அவனிடம் சொல்லியிருப்பீர்கள்.

ஷிகெஹிரோ ஒய்ஷி, உல்ரிக் ஷிம்மாக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 7,000-க்கும் மேற்பட்ட அமெரிக்கர்களின் விவரங்களை வைத்துச் செய்தது. சிறுவயதில் அடிக்கடி வீடு மாறியவர்கள் வளர்ந்த பிறகு வாழ்வில் நிறைவு குறைந்தவர்களாக இருந்தார்கள். ஆனால் எல்லோரும் அல்ல. சட்டென்று பழகிவிடும் சுபாவக்காரர்களிடம் அந்த வேறுபாடு தெரியவில்லை, உள்ளொடுங்கியவர்களிடம்தான் தெரிந்தது. அவர்களுக்கு நெருக்கமான உறவுகள் அமையாமல் போனதே முக்கியக் காரணமாகத் தெரிந்தது. பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இரண்டு முறை மாறியதாலேயே ஒருவன் தலையெழுத்து முடிவாகிவிடாது. எங்கே கை கொடுக்க வேண்டும் என்று தெரிகிறது, அதனால் சொல்கிறேன். வகுப்பு முழுவதோடும் அவன் ஒட்ட வேண்டியதில்லை, ஒருவன் கிடைத்தால் போதும். அது வரைக்கும் பழைய நண்பன் ஒருவனை விடுமுறையில் அழைத்து வீட்டில் தங்கவையுங்கள்.

"பள்ளி எப்படி இருக்கிறது?" என்று கேட்காதீர்கள், "நன்றாக இருக்கிறது" என்ற பதில் தயாராக இருக்கும். அங்கே விட்டுவந்ததில் எதை அதிகம் தேடுகிறாய் என்று கேளுங்கள். அவன் பதில் சொன்னால் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். இங்கேதான் பெற்றோர் தவறுகிறோம். பழைய மைதானத்தைப் பற்றி அவன் வாயைத் திறந்ததுமே "ஆனால் இங்கே அதைவிடப் பெரிய மைதானம் இருக்கிறதே" என்று முந்திக்கொண்டு விடுகிறோம். அவன் மைதானத்தின் பரப்பளவைப் பற்றியா பேசினான்? அவன் பள்ளிப் படிப்பு முடியும் வரை வீடு மாறப்போவதில்லை என்று உங்களால் உறுதி சொல்ல முடியுமென்றால் சொல்லுங்கள். முடியாதென்றால் ஒப்புக்குச் சொல்லாதீர்கள். அவன் பள்ளிக்குப் போயிருக்கும் நேரத்தில் பெட்டிகளைப் பிரித்து அடுக்கி வைத்துவிடவும் வேண்டாம். அவன் அறையில் அவன் முடிவு செய்ய மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

கடிதத்தை விட்டுவிடாதீர்கள். 65 வயதைக் கடந்தவர்களிடம் 40 முதல் 60 வயது வரை நடந்த முக்கியமானவற்றைச் சொல்லச் சொன்ன ஆய்வு ஒன்று 2016-இல் வந்தது. அவர்கள் சொன்ன நினைவுகள் வீடு மாறிய காலங்களை ஒட்டித்தான் அதிகம் திரண்டிருந்தன. கல்லூரிக்குப் போகும் மகள் இருக்கிறாள் என்பதால் உங்கள் வயதையும் அந்தக் கணக்கில் சேர்க்கிறேன். முதுமையில் உங்களுக்கு நினைவிருக்கப்போகும் ஆண்டுகளில் இது ஒன்று. அதற்கு ஒரு பதிவு இருக்கட்டும், பரிசளிப்பு விழா அறிக்கையாக மட்டும் வேண்டாம். வேலை கிடைத்தது, இடம் கிடைத்தது, வீடு கிடைத்தது என்று போகும் ஆண்டுக் கடிதங்களை நான் பாதியில் மூடிவைத்துவிடுவேன். யாருக்கு என்ன கிடைத்தது என்பதோடு, யார் எதைச் சுமந்தார்கள் என்பதும் வந்தால்தான் அதில் ஒரு வீடு தெரியும்.

வீட்டில் ஆளுக்கு ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். மாமியார் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள், மகள் விடுதியிலிருந்து அனுப்பட்டும். யார் எழுதியதையும் திருத்தாதீர்கள். மகனுக்கு எழுத விருப்பமில்லை என்றால் அவன் பங்குக்கு நீங்கள் எழுத வேண்டாம். குறிப்பாக, "புதுப் பள்ளியில் நன்றாகப் பழகிவிட்டான்" என்ற வரி வேண்டவே வேண்டாம். அதை வாசித்த அத்தையும் சித்தப்பாவும் தொலைபேசியில் அவனைப் பாராட்டுவார்கள். உண்மை வேறு என்று அவன் உங்களிடம் சொல்ல இருந்தால், அந்தப் பாராட்டுக்குப் பிறகு வாயைத் திறக்க மாட்டான்.

முகவரியை மேலேயே பெரிதாக எழுதுங்கள். உங்கள் உறவினர் பலரிடம் இன்னும் வாடகை வீட்டு விலாசம்தான் இருக்கும்.